சிகிச்சை பெறுவது உரிமையா? ஓர் எளிய விளக்கம்

1992 ஜூலை 8, இரவு ஏழே முக்கால் மணி. மேற்கு வங்கத்தின் மதுராபூர் ரயில் நிலையத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து தவறி விழுந்தார். தலையில் பலத்த அடி. அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். இங்கே வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கல்கத்தாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். உடனே சேர்க்க வேண்டிய நிலைதான் என்பது அவர்களுக்கே தெரிந்தது. ஆனால் படுக்கை காலி இல்லை என்று அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கும் படுக்கை இல்லை. வேறோர் இடத்தில் இந்தக் காயத்தைப் பார்ப்பதற்கான பிரிவே இல்லை. நள்ளிரவு தாண்டி ஸ்கேன் எடுத்தபோது மூளையில் ரத்தக்கசிவு தெரிந்தது. அதற்குப் பிறகும் எந்த அரசு மருத்துவமனையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தது. செலவு சுமார் 17,000 ரூபாய். அந்தக் காலத்தில் ஒரு கூலித் தொழிலாளிக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் உறுப்பினராக இருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996இல் தீர்ப்பு வந்தது. உயிரைக் காக்கும் சிகிச்சையை உரிய நேரத்தில் அரசு மருத்துவமனை தர மறுப்பது, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று நீதிமன்றம் கூறியது. மாநில அரசு 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும், எந்த மருத்துவமனையில் படுக்கை காலியாக இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளும் தகவல் ஏற்பாடு வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும், பணம் இல்லை என்பதைக் காரணம் காட்டி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னது.

மருத்துவம் மனிதருக்கு உரிமையா என்ற கேள்வியைப் புரிந்துகொள்ள இந்த வழக்கைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்த இரவில் அவரைப் பார்த்த மருத்துவர்கள் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் சொன்ன காரணம் தனித்தனியே பார்த்தால் நியாயமாகக்கூடத் தோன்றும். படுக்கை இல்லாதபோது அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஆனால் எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மனிதர் சாகக் கிடக்கிறார், அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யாருமே இல்லை. அப்படிப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவரை உண்டாக்குவதுதான் உரிமையின் வேலை.

உரிமைக்கும் திட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இலவச முகாம், காப்பீட்டு அட்டை, நிதியுதவி எல்லாம் திட்டங்கள். நல்லவைதான். ஆனால் அரசு நினைத்தால் தரும், நிதிநிலை இடம் கொடுக்காவிட்டால் குறைக்கும், ஆட்சி மாறினால் பெயரையும் விதிகளையும் மாற்றும். பட்டியலில் உங்கள் பெயர் விடுபட்டுப்போனால் நீங்கள் மனுக் கொடுக்கலாம், காத்திருக்கலாம். உரிமை என்று வந்துவிட்டால் நிலைமை வேறு. பெறுபவர் இன்னார், தர வேண்டியவர் இன்னார், தராவிட்டால் முறையிட வேண்டிய இடம் இது என்று மூன்றும் எழுத்தில் இருக்கும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் நல்லெண்ண அறிவிப்புதான்.

மருத்துவ உரிமை என்றதும் பலர் மனத்தில் எழும் சில தப்பெண்ணங்களையும் விலக்கிவிட வேண்டும். நோயில்லாமல் வாழும் உரிமையை எந்த அரசாலும் தர முடியாது. நோய் வந்தால் பார்க்க ஆள் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. உலகில் உள்ள எல்லாச் சிகிச்சையும் எல்லாருக்கும் கேட்ட மாத்திரத்தில் கிடைக்க வேண்டும் என்பதும் இதன் பொருள் இல்லை. எல்லாமே இலவசமாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தாய்லாந்து 2002இல் தன் மக்கள் அனைவருக்கும் மருத்துவப் பாதுகாப்பைச் சட்டமாக்கியபோது, ஒரு முறை மருத்துவமனைக்கு வந்தால் 30 பாட் கட்டினால் போதும் என்று வைத்தது. கட்டணம் இருந்தது, ஆனால் அதைப் பார்த்து எவரும் வீட்டிலேயே படுத்துக்கொள்ளும் அளவில் இல்லை. பணம் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் சாரம்.

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதில்லை. விடுதலைக்கு முன்பே, ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைந்த குழு இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946இல் அறிக்கை தந்தது. பணம் கொடுக்க முடியவில்லை என்ற காரணத்தால் எவருக்கும் போதிய மருத்துவம் கிடைக்காமல் போகக் கூடாது என்பது அந்த அறிக்கையின் அடிப்படைக் கொள்கை. அதே 1946இல் எழுதப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல்நலத்தைப் பெறுவது ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்றது. அந்தச் சாசனம் நடைமுறைக்கு வந்த 1948 ஏப்ரல் 7ஐத்தான் ஆண்டுதோறும் உலக சுகாதார தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்த மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆவது பிரிவிலும் மருத்துவம் இடம்பெற்றது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. அதன் 12ஆவது பிரிவு உடல்நலத்துக்கானது.

நம் அரசியல் சட்டத்தில் மட்டும் விஷயம் சற்றுச் சிக்கலானது. மக்களின் உடல்நலத்தை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்று 47ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறிகளில் வருகிறது. அந்த நெறிகளை அரசு மனத்தில் கொள்ள வேண்டும்; அவை மீறப்பட்டதாக நேரடியாக வழக்குப் போட முடியாது. அடிப்படை உரிமைகள் பகுதியில் மருத்துவம் என்ற சொல்லே இல்லை. கல்விக்கு 2002இல் 21-ஏ என்ற தனிப் பிரிவு வந்தது, அதைத் தொடர்ந்து 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. மருத்துவத்துக்கு அப்படி எதுவும் வரவில்லை. இன்று நமக்கு இருக்கும் மருத்துவ உரிமையெல்லாம், வாழும் உரிமைக்கு நீதிமன்றங்கள் கொடுத்த விளக்கத்திலிருந்து கிளைத்தது.

அதில் முதன்மையானது 1989இல் வந்த பரமானந்த் கட்டாரா வழக்கின் தீர்ப்பு. ஸ்கூட்டரில் சென்றவர் கார் மோதிக் காயமடைந்தார். அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றால், இது போலீஸ் கேஸ், இத்தகைய கேஸ்களைப் பார்க்க அனுமதி பெற்ற மருத்துவமனை வேறு என்று சொல்லி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே இறந்துவிட்டார். இதைப் பற்றிய செய்தியை வைத்துத் தொடரப்பட்ட வழக்கில், அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிருக்குப் போராடும் ஒருவர் முன்னால் வந்தால் முதலில் உயிரைக் காக்க வேண்டும், சட்டச் சடங்குகள் பிறகு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போலீஸ் வந்தால்தான் தொடுவோம் என்று எந்த மருத்துவமனையாவது இன்றும் சொன்னால், அது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டவிரோதம்.

தீர்ப்பு இருந்துமா இப்படி என்று கேட்கத் தோன்றும். தீர்ப்பால் வரும் உரிமைக்கு ஒரு பலவீனம் உண்டு. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு முறையும் நீதிமன்றப் படியேற வேண்டும். நெஞ்சுவலியோடு வந்தவரால் ரிட் மனு போட முடியுமா? அதனால்தான் தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் எழுகிறது. தேசிய சுகாதாரக் கொள்கை 2015 என்ற பெயரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவில், சுகாதார உரிமைக்கென ஒரு சட்டம் கொண்டுவரும் யோசனை இருந்தது. 2017இல் இறுதி வடிவம் வந்தபோது அது இல்லை. போதிய மருத்துவர்களும் மருத்துவமனைகளும் உண்டாகும் முன்பு உரிமை என்று அறிவிப்பது இயலாது, படிப்படியாக உறுதியளித்து முன்னேறுவோம் என்பது அரசின் வாதம். இதை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. ஆனால் நான் இதை ஏற்கவில்லை. எல்லா ஊரிலும் பள்ளிக்கூடம் கட்டி முடித்த பிறகா கல்வியை உரிமையாக்கினோம்? சட்டம் வந்ததால்தான் பல இடங்களில் வகுப்பறையே வந்தது.

சரி, மருத்துவத்தை ஏன் இப்படித் தனியாக வைத்துப் பேச வேண்டும்? பணம் உள்ளவர் பெரிய வீடு வாங்குகிறார், இல்லாதவர் சிறிய வீட்டில் இருக்கிறார், அதுபோலச் சிகிச்சையும் சந்தையில் வாங்கிக்கொள்ளும் பொருளாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் இதற்கான பதில் இருக்கிறது. நோய் எப்போது வரும், எவ்வளவு செலவு வைக்கும் என்று எவருக்கும் தெரியாது. அரிசி வாங்கும் செலவை மாத வரவுக்குள் திட்டமிடலாம். மூளைக் கட்டிக்கு எப்படித் திட்டமிடுவது? அடுத்தது, நமக்கு என்ன தேவை என்பதைச் சொல்பவரும் விற்பவரும் ஒருவரே. இந்த ஸ்டென்ட் வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்க நோயாளியால் முடியாது. படுத்த நிலையில் பேரம் பேசவும் முடியாது. வாங்குபவருக்குப் பொருளைப் பற்றிய அறிவும் இல்லை, வேண்டாம் என்று எழுந்து போகும் வழியும் இல்லை என்றால், அதைச் சந்தை என்று சொல்வதே பொருந்தாது.

தொற்றுநோய் வந்தால் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. காசநோய் உள்ள ஒருவர் பணமில்லாமல் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால், அவருக்கு நோய் முற்றுவதோடு மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி அக்கம்பக்கத்துக்கும் பரவும். அவருக்குத் தரும் இலவச மாத்திரை பக்கத்து வீட்டுக் குழந்தையையும் காக்கிறது. காசநோய் மருந்தையும், 2004 முதல் எச்ஐவி கூட்டு மருந்துச் சிகிச்சையையும் அரசு இலவசமாகத் தருவதன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் மிகக் கனமானது, பணமும் படுக்கையும் அளவுக்கு உட்பட்டவை என்பது. இதைத் தென்னாப்பிரிக்கா நேருக்கு நேர் சந்தித்தது. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு எழுதிய புதிய அரசியல் சட்டத்தில், மருத்துவச் சேவை பெறும் உரிமையை 27ஆவது பிரிவில் அந்த நாடு வெளிப்படையாகவே சேர்த்தது. அவசரச் சிகிச்சையை எவருக்கும் மறுக்கக் கூடாது என்றும் எழுதியது. 1997இல் டர்பன் நகரத்தைச் சேர்ந்த ஒருவர் அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு வந்தார். நீரிழிவு, இதயநோய், மீள முடியாத சிறுநீரகச் செயலிழப்பு. அரசு மருத்துவமனையில் இருந்த டயாலிசிஸ் இயந்திரங்கள் இருபதுதான்; அவற்றிலும் சில பழுதானவை. குணமாகக்கூடியவர்களுக்கும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கும் முன்னுரிமை என்று மருத்துவமனை ஒரு விதி வைத்திருந்தது. அவர் இரண்டிலும் அடங்கவில்லை. நீதிமன்றம் மருத்துவமனையின் பக்கம் நின்றது. தொடர்ந்து செய்ய வேண்டிய டயாலிசிஸ் அவசரச் சிகிச்சை ஆகாது. இருப்பதைப் பகிரும் விதி நேர்மையாக வகுக்கப்பட்டு நேர்மையாகப் பின்பற்றப்பட்டிருக்கிறது. ஆகவே தலையிட மாட்டோம் என்றது. தீர்ப்பு வந்த சில நாட்களில் அவர் இறந்துபோனார். படிக்கவே மனம் கனக்கும் தீர்ப்பு.

அதே நீதிமன்றம், அதே 27ஆவது பிரிவு, 2002. எச்ஐவி உள்ள தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கு நோய் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் என்ற மருந்தை, அரசு தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும் தந்துவந்தது. மருந்து நிறுவனம் அதை ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகத் தர முன்வந்திருந்தது. மருத்துவர்கள் எழுதித் தரத் தயாராக இருந்தும் அரசு தடுத்தது. டிஏசி என்ற மக்கள் அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. இந்த முறை நீதிமன்றம் அரசின் காரணத்தை ஏற்கவில்லை. மருத்துவத் தேவை உள்ள இடமெங்கும் தடையின்றித் தர வேண்டும் என்று ஆணையிட்டது. பச்சிளம் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிழைக்க வழி பிறந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உரிமை என்பது எப்படி இயங்குகிறது என்று விளங்கும். எதைக் கேட்டாலும் கொடு என்று அது அரசைப் பணிக்கவில்லை. கொடுக்காததற்குக் காரணம் சொல், அந்தக் காரணம் நியாயமா என்று ஒரு பொது இடத்தில் சோதிப்போம் என்கிறது. உண்மையாகவே கையில் இல்லாதபோது நியாயமாகப் பகிர வேண்டும். கையில் இருந்தும் கொடுக்காமலிருந்தால் கொடுத்தாக வேண்டும். உரிமை இல்லாத நாட்டில் இந்த இரண்டு நிலைகளுக்கும் வேறுபாடே தெரியாது. இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும், இல்லை போ என்று.

உரிமை ஆக்கினால் நீதிமன்றம் போகத் தெரிந்தவர்களே அள்ளிக்கொள்வார்கள் என்ற அச்சமும் வெறும் கற்பனை கிடையாது. பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசியல் சட்டம் உடல்நலத்தை அனைவரின் உரிமை, அரசின் கடமை என்று அறிவித்தது. நாடு முழுவதற்கும் ஒரே பொது மருத்துவ அமைப்பும் எழுந்தது. நல்ல பலன்கள் கிடைத்தன. கூடவே, விலையுயர்ந்த மருந்துகள் கேட்டுத் தனிநபர் வழக்குகள் குவிந்து, மாநிலங்களின் மருந்துச் செலவைத் திசைதிருப்பும் சிக்கலும் வந்தது. வக்கீல் வைக்க முடிந்தவர் வரிசையில் முந்திக்கொள்கிறார். எனவே சட்டம் எழுதும்போதே எவையெல்லாம் கட்டாயம் கிடைக்கும் என்ற பட்டியலும், அதைக் காலத்துக்கேற்பத் திருத்தும் முறையும் வேண்டும்.

மருத்துவர்களின் தரப்புக்கு வருவோம். 2023 மார்ச் 21 அன்று ராஜஸ்தான் சட்டமன்றம் சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்த முதல் இந்திய மாநிலம் அது. அவசர நிலையில் வருபவரிடம் முன்பணம் கேட்காமல் தனியார் மருத்துவமனையும் பார்க்க வேண்டும், செலவை அரசு திருப்பித் தரும் என்பது அதன் முக்கியக் கூறு. தனியார் மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வேலைநிறுத்தம் பல நாட்கள் நீடித்தது. ஏப்ரல் தொடக்கத்தில்தான் அரசோடு உடன்பாடு ஏற்பட்டது. எது அவசரம் என்று யார் முடிவுசெய்வது? பணம் எப்போது வரும்? இவைதான் அவர்களின் கேள்விகள். சேவை மனப்பான்மை இல்லாதவர்கள் என்று அவர்களைத் திட்டுவது எளிது. ஆனால் சிறு ஊரில் பத்துப் படுக்கை வைத்து நடத்துகிற ஒரு மருத்துவருக்கு அரசிடமிருந்து வர வேண்டிய தொகை ஆறு மாதம் இழுத்தால், அவர் செவிலியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. மக்களின் உரிமையை நிறைவேற்றும் பொறுப்பு அரசுடையது. அதைத் தனியார் மருத்துவர் தலையில் வைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால், சட்டம் ஏட்டிலேயே நிற்கும்.

சிகரெட் பிடித்து நோய் வாங்கியவருக்கு என் வரிப்பணமா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். வாழ்க்கைமுறையைப் பார்த்துச் சிகிச்சை தர ஆரம்பித்தால், உப்பு அதிகமாகச் சாப்பிட்டவர், தலைக்கவசம் போடாதவர், தூக்கம் கெட்டு உழைத்தவர் என்று ஒவ்வொருவராக வெளியே நிறுத்த வேண்டிவரும். மேலும், வரிப்பணம் என்பது வருமான வரி கட்டுபவரின் பணம் மட்டும் இல்லை. தினக்கூலி வாங்குபவர் சோப்பு வாங்கும்போதும் வரி கட்டித்தான் வாங்குகிறார்.

பணக்கார நாடாக இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்பதும் உண்மையில்லை. பிரிட்டன் தன் தேசிய சுகாதாரச் சேவையை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியபோது, போரில் நொறுங்கிக் கடனில் மூழ்கியிருந்தது. ரேஷன் முறைகூட முடிந்திருக்கவில்லை. சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் மருத்துவர் சங்கத்தோடு மல்லுக்கட்டித்தான் அதைக் கொண்டுவந்தார். தாய்லாந்தும் 2002இல் செல்வந்த நாடாக இல்லை. மறுபுறம் உலகிலேயே மருத்துவத்துக்கு மிக அதிகமாகச் செலவழிக்கும் அமெரிக்காவில் அனைவருக்குமான பாதுகாப்பு இன்றுவரை இல்லை. 1986இல் வந்த ஒரு சட்டத்தின்படி, அங்கே அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணம் கேட்காமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும். அதன் பிறகு பில் வீட்டுக்கு வரும். மாரடைப்பு வந்தால் காப்பாற்றுவார்கள். மாரடைப்பு வராமல் தடுக்கும் மாத்திரையைத் தர எவருக்கும் கடமையில்லை. அவசரத்துக்கு மட்டும் உரிமை தந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

இங்கேதான் தமிழ்நாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம்மிடம் சுகாதார உரிமைச் சட்டம் இல்லை. ஆனால் அதன் உள்ளடக்கத்தில் கணிசமான பகுதி நடைமுறையில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கும் ஒரு பாட்டியின் கையைப் பாருங்கள். ஓபி சீட்டு, சுருட்டி மடித்த நோட்டு, மாத்திரை அட்டை. அட்டையின் பின்புறத்தில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அன்று என்ற பொருளில் அச்சிட்டிருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால், 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மருந்துகளை நிறுவனப் பெயரில் வாங்காமல் மூலப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கும் முறை அதனுடையது. வந்த சரக்கு ஆய்வகச் சோதனையில் தேறிய பிறகே மருத்துவமனைக்குப் போகும். மாவட்டங்களில் கிடங்குகள் உண்டு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் பாஸ்புக்கைப் போல ஒரு பாஸ்புக். அதில் உள்ள ஒதுக்கீட்டுக்குத் தகுந்தபடி கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கிடங்கில் எது தீர்ந்துபோகிறது என்பது மேலே தெரிந்துவிடும். பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. பெரிய பெரிய கட்டடங்களைவிட இந்தப் பாஸ்புக் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. மருத்துவர் எழுதிய மாத்திரை அதே இடத்தில் கிடைக்காமல், வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டு கைக்கு வந்தால், அந்தக் கணமே இலவச மருத்துவம் முடிந்துவிட்டது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம் வந்தது. தமிழ்நாட்டுச் சாலையில் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும், கையில் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை உச்சவரம்புக்கு உட்பட்டு அரசு ஏற்கிறது. ராஜஸ்தானில் போராட்டத்தைக் கிளப்பிய அதே கருத்தை, பட்டியலில் சேர்ந்த மருத்துவமனைகளைக் கொண்டு இங்கே நடைமுறைப்படுத்தினார்கள். பேறுகாலக் கவனிப்பின் பலனை எண்ணிலும் பார்க்கலாம்: 2018-20 கணக்கின்படி உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறந்த தாய்மார் இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19 என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

காப்பீட்டு அட்டைதான் இருக்கிறதே, உரிமை எதற்கு என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநிலத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமானாலும் 2018இல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் ஆனாலும், முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைகளுக்கானவை. குடும்பத்தை மாதாமாதம் அரிப்பதோ வெளிநோயாளிச் செலவும் மருந்துச் செலவும். 2021-22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுத்தது. 2013-14இல் 64.2 ஆக இருந்தது குறைந்திருப்பது மகிழ்ச்சிதான். ஆனாலும் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய் என்பது நகையை அடகு வைக்கும் கணக்கு. அரசுகள் அனைத்தும் சேர்ந்து செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2025க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017ஆம் ஆண்டுக் கொள்கை சொல்லியிருந்தது. எட்டாமல் போனால் யார் பொறுப்பு என்று அது சொல்லவில்லை, கொள்கைதானே.

பலர் அறியாத ஒன்று: இந்தியாவில் மருத்துவத்தின் ஒரு துறை ஏற்கெனவே சட்டப்பூர்வ உரிமை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்கிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை கேட்டு அரசிடம் உரிமையோடு நிற்கலாம். மஞ்சள் காமாலைக்கு அப்படிச் சட்டத்தின் வாசகத்தைக் காட்டி நிற்க முடியாது. நடைமுறையில் மனநலச் சேவைகள் இன்னும் போதவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் இப்படி ஒரு வாசகத்தை எழுதவே முடியாது என்பவர்களுக்கு, நாடாளுமன்றமே எழுதியிருக்கிறது என்று காட்டலாம். அதேபோல, பாலியல் வன்முறைக்கும் அமில வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு அரசு, தனியார் என்ற பேதமின்றி எல்லா மருத்துவமனைகளும் உடனே இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும் என்பதும் 2013இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட கட்டளை; 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது.

அப்படியானால் தமிழ்நாடு என்ன செய்யலாம்? பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் வருகின்றன. டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. 1939இலேயே சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் இயற்றியது. அந்தக் காலத்தில் அது முன்னோடி. ஆனால் குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு என்று மக்கள் மீதும் உள்ளாட்சிகள் மீதும் அரசுக்குள்ள அதிகாரங்களைச் சொல்லும் சட்டம் அது. அரசிடம் மக்கள் எதைக் கேட்டுப் பெறலாம் என்பதைச் சொல்லும் சட்டம் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். அதில் நான் எதிர்பார்ப்பவை பெரிய கனவுகள் இல்லை. அவசர நிலையில் வந்தவரைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள ஒன்று இருப்பில் இல்லாமல் நோயாளி வெளியே வாங்கினால், அந்தப் பணம் அவருக்குத் திரும்ப வர வேண்டும். தனியார் மருத்துவமனைக்கு அரசு தர வேண்டிய தொகைக்குக் கெடு வேண்டும், தாண்டினால் வட்டி. ஒவ்வொரு மாவட்டத்திலும் புகார் கேட்க, சுகாதாரத் துறைக்குக் கட்டுப்படாத ஓர் அதிகாரி வேண்டும். அவர் இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்க வேண்டும். மருந்துக் கிடங்குகளும், ஆம்புலன்ஸ்களும், கிராமத்துச் செவிலியர்களும் இருக்கிற மாநிலம் இது. மேலே சொன்ன நாலு பிரிவுகளைச் சட்டமாக எழுதுவதற்குத் தேவையான அடித்தளம் போடப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன.